தண்ணீரில் விழுந்த போன், கடையில் தங்கிய பிரதிகள்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இது தனி ஒருவருக்கு நடந்த சம்பவம் அல்ல. போன் திருத்தும் மேசைகளில் வழக்கமாக நடப்பவற்றை ஒரே நிகழ்வாகக் கோத்து, ஒவ்வொரு கட்டத்திலும் தரவு எங்கே போய்த் தங்குகிறது என்று பின்தொடரும் மாதிரி. ஆட்களும் கடையும் எண்ணிக்கைகளும் மாதிரிக்காக வைத்தவை. கருவிகள், கோப்புறைகள், பூட்டுகள் எல்லாம் நடப்பில் உள்ளபடியே.

போன் கடைக்கு வரும்வரை

கார்த்திகை மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால் திருகோணமலைக் கடைகளுக்கு நனைந்த போன்கள் வரத் தொடங்கிவிடும். இந்தப் போன் கிண்ணியாப் பக்கம் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைக் கவனிக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தருடையது. வீடுகளைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டியில் திரும்பும்போது, மழைக்கோட்டின் பையிலிருந்து நழுவி வீதியோர வெள்ளத்தில் விழுந்தது. எடுக்கப் பத்து நிமிடமாயிற்று. களப்புக்குப் பக்கத்து வெள்ளம் என்பதால் தண்ணீரில் உப்பும் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவர் செய்த முதல் வேலை சார்ஜில் போட்டுப் பார்த்தது. நனைந்த போனைக் கொல்வது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். போனின் மின்சுற்றுப் பலகையில் மின்சாரம் ஓடாமல் இருந்தால் உப்புத் தண்ணீர் மெதுவாகத்தான் அரிக்கும். மின்சாரம் வந்ததும் அருகருகே உள்ள செப்புத் தடங்களுக்கிடையே மின்பகுப்பு தொடங்கி, சில மணி நேரத்திலேயே தடங்கள் பச்சை பூத்து அறுந்துவிடும். அடுத்து போனை அரிசி மூடைக்குள் வைத்தார். அரிசி போனுக்குள் இருக்கும் உப்பை எடுக்காது. மாவுத்தூளைச் சார்ஜ் துளைக்குள் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடும். மூன்றாம் நாள் போன் பாலம் கடந்து நகரத்துக் கடை ஒன்றுக்கு வந்தது.

அவருக்கு வேண்டியிருந்தவை மூன்றே பொருட்கள். தொடர்பு இலக்கங்கள், தன் பிள்ளைகளின் படங்கள், கடைசி இரண்டு மாதத்தில் தாய்மார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எச் 512 அட்டைப் படங்கள். எச் 512 என்பது கர்ப்பவதிப் பதிவேடு. இரத்த அழுத்தம், சீனி, இரத்த வகை, முந்தைய பிரசவங்கள், கருச்சிதைவு எல்லாம் அதில் இருக்கும். கிளினிக்குக்கு வர முடியாத நாளில் ஒரு தாய் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, "மிஸ், இந்தப் பிரஷர் கூடவா?" என்று கேட்பது இப்போது சர்வசாதாரணம்.

கடையில் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"மிஸ், போர்டைக் கழுவிப் பார்ப்பம். டேட்டா எடுக்கிறதென்றால் லொக் நம்பர் வேணும்."

"எல்லாத்தையும் எடுத்துத் தாங்கோ தம்பி. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது."

மறைகுறி எண்ணை ஒரு மாஸ்கிங் டேப் துண்டில் எழுதிப் போனின் பின்பக்கத்தில் ஒட்டினார்கள். எதை எடுப்பது, எங்கே எடுப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்விகளை இரு தரப்பிலும் யாரும் எழுப்பவில்லை. இந்த நிகழ்வில் பிறகு வந்த எல்லாத் தொல்லைக்கும் வேர் 'எல்லாத்தையும்' என்ற அந்த ஒரு சொல்.

மேசையில் நடந்த வேலை

திருத்துநர் செய்த வேலை தரமானது. மூடியைச் சூடாக்கிக் கழற்றி, மின்கலத்தின் இணைப்பை முதலில் எடுத்தார். பலகையில் இருந்த உலோகக் கவசங்களைத் திறந்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு மென்தூரிகையால் கழுவினார். 70 சதவீத மருந்துக்கடைச் சரக்கில் மீதி தண்ணீர் என்பதால் அது இதற்கு ஆகாது. பிறகு மின்கலத்துக்குப் பதிலாக மேசை மின்வழங்கியைச் சுமார் 4 வோல்ட்டில் கொடுத்துப் பார்த்தார். ஆளியை அழுத்தாமலே ஓர் அம்பியருக்கு மேல் இழுத்தது. ஆகவே முதன்மை மின்தடத்தில் ஒரு குறுக்கு, அதாவது ஷோர்ட். பலகைமேல் ரோசின் என்ற பிசினின் புகையைப் படியவிட்டு மீண்டும் மின் கொடுத்தபோது, சூடேறிய மின்தேக்கிமேல் மட்டும் வெள்ளைப் படலம் உருகித் தெரிந்தது. அதைக் கழற்றியதும் குறுக்கு நீங்கியது. சோதனைத் திரை ஒன்றைப் பொருத்த, போன் எழுந்தது.

பலகையை ஏன் உயிர்ப்பிக்க வேண்டும், நினைவகச் சில்லை மட்டும் கழற்றிப் படிக்கக் கூடாதா என்று பலர் கேட்பதுண்டு. ஒரு காலத்தில் அது நடந்தது. இப்போது ஆண்ட்ரொய்ட் 10 அல்லது அதற்குப் பிந்திய பதிப்போடு விற்பனைக்கு வரும் போன்களில் கோப்புவாரிக் குறியாக்கம், அதாவது ஒவ்வொரு கோப்பையும் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டுவது, கட்டாயம். அதன் சாவி செயலிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியோடும், நீங்கள் இடும் மறைகுறி எண்ணோடும் பிணைந்தது. நினைவகச் சில்லைத் தனியே எடுத்து வாசிப்பானில் வைத்தால் வருவது வெறும் குப்பை எழுத்து. செயலியும் நினைவகமும் சேர்ந்து உயிரோடு இருக்க வேண்டும், எண்ணும் தெரிய வேண்டும். அதனால்தான் கடை எண்ணைக் கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பலகை, எண் என்ற இரண்டில் ஒன்று கைவசம் இல்லாவிட்டால் தரவு எவருக்கும் எட்டாது. இரண்டையும் ஒரே டேப் துண்டால் ஒட்டிவைக்கும்போது குறியாக்கம் முழுவதும் பயனற்றுப் போகிறது. போன் உயிர்க்காமல் போயிருந்தாலும் இதே ஆபத்துத்தான். செத்த பலகைகள் உதிரிப்பாகத்துக்காகக் கடை இழுப்பறையில் கிடக்கும், விற்கப்படும். செயலியையும் நினைவகத்தையும் வேறொரு பலகைக்கு மாற்றத் தெரிந்தவர் கையில் அது போய்ச் சேர்ந்தால், பின்பக்கத்திலேயே எண் எழுதியிருக்கும். திருத்த முடியாது என்று சொல்லப்பட்ட போனையும் பலகையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்தது எவ்வளவு, தேவைப்பட்டது எவ்வளவு

எண்ணை இட்டதும் போன் திறந்தது. யூஎஸ்பி கம்பியால் கடைக் கணினியில் இணைத்து, உள்சேமிப்பில் கண்ட கோப்புறைகள் அத்தனையையும் டி டிரைவுக்கு இழுத்துவிட்டார். 38 ஜிகாபைட். யூஎஸ்பி 2.0 துளையில் நடைமுறை வேகம் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட்தான். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அதைவிடவும் படுத்துவிடும். வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. திருத்துநர் இன்னொரு போனைக் கையில் எடுத்தார்.

கேட்டவற்றின் கணக்கைப் பாருங்கள். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்புவதால் அட்டைப் படங்கள் 46உம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மெகாபைட். தொடர்புக் கோப்பு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. பிள்ளைகளின் படங்கள் மூன்று ஜிகாபைட். மீதி 35 ஜிகாபைட் எவரும் கேளாதது.

அந்த 35இல் என்ன இருந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்டவை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதுகாப்பு வழியில் செல்லும்போதுதான். ஆண்ட்ரொய்டில் போய்ச் சேர்ந்த படங்களும் குரல்பதிவுகளும் மீடியா கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாகக் கிடக்கும். செய்தித் தரவுத்தளத்தின் காப்புப் பிரதி மட்டுமே அங்கே குறியாக்கத்தோடு இருக்கும். கலரியில் வாட்ஸ்அப் படம் தெரியாதபடி அமைத்திருந்தாலும் கோப்பு அங்கேதான் இருக்கும், கணினிக்குத் தெரியும். உரையாடலை அழித்தவர் ஊடகங்களையும் சேர்த்து அழிக்கும் பெட்டியில் குறியிடாமல் விட்டிருந்தால் அந்தப் படங்களும் இருக்கும். பார்த்த ஸ்டேட்டஸ்களின் தற்காலிகப் பிரதிகளுக்கென மறைகோப்புறை ஒன்று. குரல்பதிவுகளுக்கு வாரவாரியாகப் பிரித்த கோப்புறைகள். நள்ளிரவில் இரத்தப்போக்கு என்று அழுதபடி ஒரு தாய் அனுப்பிய குரலும் அதற்குள்தான்.

இவற்றோடு, கொடுப்பனவு விண்ணப்பங்களுக்காகத் தாய்மார் அனுப்பிய அடையாள அட்டைப் படங்கள். இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கம் வெறும் தொடரெண் அல்ல. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணானால் அதனோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வழங்கும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாகியிருக்கிறது, மீதிக் கணக்கு அதேதான். ஆகவே இலக்கம் தெரிந்தால் பிறந்த தேதியும் தெரியும். அட்டைப் படமே இருந்தால் முகமும் விலாசமும் சேர்ந்துவிடும்.

தொடர்புப் பட்டியலைப் பலர் தரவு என்றே நினைப்பதில்லை. இந்த உத்தியோகத்தர் 640 இலக்கங்களைத் தன் வசதிக்கேற்பப் பதிந்திருந்தார்: ஊர், பெயர், எத்தனையாவது பிள்ளை, எத்தனை மாதம், 'சீனி', 'பிரஷர்', 'கணவர் இல்லை'. வேலைக்கு அது மிக வசதி. ஆனால் ஏற்றுமதி செய்யும் தொடர்புக் கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். 640 வரியில் ஒரு பிரிவின் கர்ப்பிணிப் பதிவேடே கடைக்குப் போய்விட்டது.

இங்கே எடுபட்ட தரவில் பெரும்பகுதி போனின் சொந்தக்காரருடையது அல்ல. அந்தத் தாய்மார் எவரும் கடைக்கு வரவில்லை, எவரும் சம்மதம் சொல்லவில்லை. அப்படி ஒரு கடை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. போனிலிருந்து தரவெடுப்பது பற்றி நடக்கும் பேச்சுகளில் அதிகம் விடுபடுவது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிரதிகள் பெருகிய விதம்

முதல் பிரதி டி டிரைவில், 'கஸ்டமர்' என்ற கோப்புறைக்குள், தேதியிட்டு. கடைகள் இதை வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் வந்து மகளின் பிறந்தநாள் படம் ஒன்று குறைகிறது என்று சண்டை பிடித்தால் காட்ட வேண்டும். கெட்ட நோக்கம் ஏதுமில்லை. ஆனால் அழிக்கும் நாள் குறிக்கப்படாததால் அந்தக் கோப்புறை வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும்.

இரண்டாம் பிரதி தொடர்புக் கோப்பு. உத்தியோகத்தர் அவசரமாகக் கேட்டதால், கடைப் போனின் வாட்ஸ்அப்பிலிருந்து அவருடைய கணவரின் இலக்கத்துக்கு அனுப்பினார்கள். அந்த உரையாடலில் கோப்பு தங்கிவிட்டது. எழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்கக் கடைப் பையன் அதைத் திறந்தான். திறந்ததும் சேமிக்கவா என்று போன் கேட்டது, ஆம் என்று தட்டினான். 640 இலக்கங்களும் அவனுடைய கூகுள் கணக்கில் ஏறின. அந்தக் கணக்கு உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் அவை தாமாகவே போகும். இது மூன்றாம் பிரதி. வேண்டுமென்று எவரும் செய்யாதது.

நான்காவது, அட்டைப் படங்களை எடுத்த வழி. சோதனைத் திரையின் தொடுகை சரியாக வேலை செய்யவில்லை. ஆகவே கணினியில் வாட்ஸ்அப் வெப் இணைத்து அங்கிருந்து இறக்கினார்கள். எண் தெரிந்தால் இணைப்பதற்கு அரை நிமிடம் போதும். சிம் இன்னும் போனிலேயே இருந்தது, போன் கடையின் வைஃபையில் இருந்தது. புதிய போனில் வாட்ஸ்அப் பதியும்வரை இரண்டு நாட்கள், வந்த ஒவ்வொரு புதிய செய்தியும் கடைக் கணினியின் திரையிலும் வந்தது. பதிந்ததும் அந்த இணைப்பு அறுந்தது. ஆனால் டவுன்லோட்ஸ் கோப்புறைக்குள் இறங்கிய 46 படங்களும் அங்கேயே கிடந்தன.

ஐந்தாவது, கடையின் 64 ஜிகாபைட் பென் டிரைவ். அதில் போட்டுக் கொடுத்து, திரும்பி வந்ததும் அழித்தார்கள். விரைவு ஃபோர்மட் செய்யும்போது கோப்புகளின் முகவரிப் பட்டியல்தான் போகிறது, உள்ளடக்கம் மேலெழுதப்படும்வரை இருக்கும். இலவச மீட்பு மென்பொருளே போதும். பழைய சுழல்தட்டு வன்வட்டிலும் இதே கதை. சுழல்தட்டு இல்லாத எஸ்எஸ்டி வட்டுகளில், அழித்த இடத்தை வட்டே துடைக்கும் ட்ரிம் வசதி இயங்குவதால் அழித்தது பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே போய்விடும். கடைக் கணினியில் டி டிரைவாக இருந்தது சுழல்தட்டு வட்டு.

இவற்றோடு பழைய பலகையும் புதிய போனும் கணவரின் போனும். ஆக எட்டு இடங்கள். சொந்தக்காரருக்குத் தெரிந்தவை நான்கு: பழைய போன், பென் டிரைவ், புதிய போன், கணவரின் போன்.

ஆறு வாரம் கழித்து

கிளினிக் நாளொன்றில் ஒரு தாய் கேட்டார், "மிஸ், நீங்களா என்ட நம்பரைக் குடுத்தது?" குழந்தைப் பொருட்கள் விற்கும் ஒருவர் அவருடைய பெயரையும் பிரசவ மாதத்தையும் சொல்லி அழைத்திருந்தார். இன்னும் மூன்று பேருக்கு அதே அழைப்பு. அவர்களில் ஒருவர் கருவுற்றதை மாமியார் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

யார் கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்படிப்பட்ட நிகழ்வுகளின் இயல்பே அது. போன் தனக்குள் நடந்தவற்றில் சிலவற்றைப் பதிந்துவைக்கும். யூஎஸ்பியில் எந்தெந்தக் கோப்பு வெளியே போனது என்ற பட்டியலைச் சாதாரண ஆண்ட்ரொய்ட் போன் வைத்திருப்பதில்லை. கணினியிலிருந்து வேறு எங்கே போனது என்பதற்கும் பதிவில்லை. சொல்லப்பட்ட விவரத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும்: பெயரும் மாதமும் சொன்னார்கள், இரத்த அழுத்தம் பற்றிப் பேச்சில்லை. அட்டைப் படங்களைவிட மாதம் குறித்த தொடர்புப் பட்டியல்தான் அதற்குப் பொருந்துகிறது. அந்தப் பட்டியலோ கடைப் போனின் வாட்ஸ்அப், பையனின் கூகுள் கணக்கு, டி டிரைவ், பென் டிரைவ், கணவரின் போன் என ஐந்து இடத்தில் இருந்தது.

கடைகளில் பார்ப்பதும் பிரதியெடுப்பதும் நடக்கிறதா என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சோதித்தார்கள். பதிவுக் கருவி மறைத்துவைத்த மடிக்கணினிகளைத் திருத்தக் கொடுத்தபோது, ஆறு இடங்களில் தனிப்பட்ட கோப்புகள் பார்க்கப்பட்டிருந்தன, அவற்றுள் இரண்டில் வெளியே பிரதியும் எடுக்கப்பட்டிருந்தது. அங்கே செய்யச் சொன்ன வேலைக்குக் கோப்புகளைத் தொடவே தேவையிருக்கவில்லை. நமது நிகழ்வில் கடை தொட வேண்டியிருந்தது, அதனால் எல்லை வகுப்பதும் கடினமாகிறது.

எப்படிச் செய்திருக்க வேண்டும்

போன் நனைந்ததும் அணைக்க வேண்டும். அணையாவிட்டால் ஆளியை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். சார்ஜ் கூடாது. உப்புத் தண்ணீர் என்றால் அன்றைக்கே கடைக்கு. இது தரவு உயிரோடிருப்பதற்கு.

சிம்மையும் மெமரி கார்டையும் கடைக்குக் கொடுக்கவே கூடாது. சிம்மை வேறு போனில் போட்டு அதில் வாட்ஸ்அப்பைப் பதிந்தால் பழைய போனின் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், வங்கியின் ஓடிபியும் கடைமேசையில் வந்து விழாது. உத்தியோகத்தர் இதைச் செய்திருந்தால் நான்காம் பிரதியின் இரண்டு நாள் கசிவு நேர்ந்திருக்காது. அட்டைப் படங்கள் மீடியா கோப்புறையில் இருந்திருக்கும், எடுக்க வாட்ஸ்அப் தேவையே இல்லை. பழைய மெமரி கார்டுகள் பெரும்பாலும் குறியாக்கம் இல்லாதவை. வீட்டுக் கணினியில் ஒரு வாசிப்பான் இருந்தால் போதும். ஒரே எச்சரிக்கை: தொலைவிலிருந்து சாதனத்தை அழிக்கும் கட்டளையைப் பயந்து அனுப்பிவிடக் கூடாது. போன் உயிர்த்து வைஃபையைத் தொட்ட நொடியில் மீட்க வந்ததும் சேர்ந்து போய்விடும்.

மறைகுறி எண்ணைச் சொல்ல வேண்டாம், எழுத வேண்டாம். பலகை எழுந்ததும் கடை அழைக்கட்டும், போய் நீங்களே இடுங்கள். கிண்ணியாவிலிருந்து வர முடியாது என்றால் அன்றைக்கு ஒருவரை அனுப்பலாம், அல்லது வேலையை அடுத்த நாளுக்குத் தள்ளலாம். பலகையைத் திருத்துவதற்கு எண் தேவையில்லை, தரவெடுக்கும் அந்த அரைமணிக்கு மட்டுமே தேவை. கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று தயங்குகிறார்கள். நேர்மையான கடைக்கு இது பாதுகாப்பு. பிறகு ஒரு பழி வந்தால், எண் எங்களிடம் இருந்ததே இல்லை என்று அவர் சொல்லலாம்.

எண் இடுவதற்கு முன்னர் போனைப் பறப்பு நிலையில் வைப்பது நல்லது. பல போன்களில் பூட்டிய திரையிலேயே அதற்கு வழியுண்டு. இல்லையென்றால் கடையின் வைஃபையில் சேர்க்காமலிருந்தாலே போதும். பிறகு உங்கள் சொந்த மடிக்கணினியில் அல்லது சொந்த பென் டிரைவில், கேட்ட கோப்புறைகளை மட்டும். கமராப் படங்களுக்கு டிசிஐஎம் என்ற கோப்புறை. வாட்ஸ்அப் படங்களுக்கு, உள்சேமிப்பில் ஆண்ட்ரொய்ட் என்ற கோப்புறைக்குள் மீடியா, அதற்குள் கொம்.வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், அதற்குள் இன்னொரு மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் இமேஜஸ். ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் வந்த ஆண்டு, மாதம், நாள் எண்ணாக இருக்கும். பெயர்வரிசையில் அடுக்கினால் கடைசி இரண்டு மாதத்தைத் தனியே தெரிந்தெடுப்பது இரண்டு நிமிட வேலை. தொடர்புகள் கூகுள் கணக்கில் ஏற்கெனவே ஒத்திசைந்திருந்தால் போனிலிருந்து எடுக்கவே வேண்டாம், புதிய போனில் உள்நுழைந்ததும் வந்துவிடும். இந்த நிகழ்வில் ஒத்திசைவு நின்றுபோயிருந்தது. அதை வாரம் ஒருமுறை பார்த்திருந்தால் 640 வரிக் கோப்பு பிறந்திருக்காது.

சில போன்களில் திருத்தத்துக்கென்றே ஒரு பூட்டு உண்டு. சாம்சங் போன்களில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் ஆண்ட்ரொய்ட் 14இலிருந்து 'ரிப்பேர் மோட்'. இயக்கினால் திருத்துநருக்கு வெறும் போன் தெரியும், உங்கள் தரவு மறைந்திருக்கும். மின்கலம் மாற்ற, ஒலிபெருக்கி மாற்ற மிக நல்லது. ஆனால் போன் உயிரோடிருக்கும்போது நீங்களே இயக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். தரவெடுக்கும் வேலைக்கு அது உதவாது.

முடிந்ததும் கடையில் இருக்கும்போதே மூன்று இடம் பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்', கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்', போன் அமைப்பில், கணினி போனுக்குக் கட்டளையிட இடமளிக்கும் யூஎஸ்பி டிபக்கிங். கடைசியது திறந்திருந்தால் மூடி, கொடுத்த அனுமதிகளையும் இரத்துச் செய்யுங்கள். மறைகுறி எண்ணை மாற்றுங்கள். பழைய போனை இனிப் பயன்படுத்துவதில்லை என்றால் தொழிற்சாலை நிலைக்கு மாற்றுங்கள் (ஃபெக்டரி ரீசெட்). குறியாக்கமுள்ள போனில் அது சாவியையே அழிப்பதால் உள்ளே கிடப்பது இனி எவருக்கும் வாசிக்க ஆகாது.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. வேலைச்சீட்டில் நான்கு வரி சேருங்கள்: எடுக்க வேண்டியவை, எடுக்க வேண்டாதவை, எந்தச் சேமிப்பில், அழிக்கும் தேதி. படம் குறைகிறது என்ற தகராறு வரும் என்றால் ஏழு நாள் வைத்திருப்பது தாராளம். அதை முன்கூட்டியே சொல்லிக் கையொப்பம் வாங்குங்கள். வாடிக்கையாளர் தரவுக்கென்று தனி வட்டு, அதற்குக் குறியாக்கம். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லொக்கர் என்ற குறியாக்க வசதி உள்ளேயே இருக்கிறது. சுழல்தட்டு வட்டில் அழித்தபின் வெற்றிடத்தை மேலெழுத விண்டோஸின் 'சைஃபர்' கட்டளை போதும், இரவில் ஓடவிட்டுப் போகலாம். வாடிக்கையாளரின் எந்தக் கோப்பும் கடைப் பையன்களின் சொந்தப் போனுக்குப் போகக் கூடாது. கணினியைக் கைமாற்றும்போது வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி அனுமதியின்றிக் கணினித் தரவை அணுகுவதும், முறைகேடாகப் பெற்ற தரவை வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆனால் இங்கே எண்ணைக் கொடுத்து 'எல்லாத்தையும்' எடுக்கச் சொன்னது சொந்தக்காரர். அனுமதி எதுவரை என்று எழுத்தில் இல்லாததால், மீறல் எங்கே தொடங்கியது என்று காட்டுவது கடினம். வேலைச்சீட்டின் அந்த நான்கு வரிக்குச் சட்டப் பெறுமதி இருப்பது இதனால்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகப் பிரித்து, கூடுதல் பாதுகாப்பு கேட்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன.

விசாரணைக்காகப் போன் எடுக்கப்படும்போதும் இதே கேள்விதான், அளவு பெரிது. செலிபிரைட், எக்ஸ்ஆர்வை போன்ற தடயவியல் கருவிகள் பெரும்பாலும் முழுப் பிரதியையே முதலில் எடுக்கும், தேடல் அதற்குப் பின்னர். ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 2014இல், கைதானவரின் போனைப் பொதுவாக நீதிமன்றத்தின் தேடுதல் ஆணையின்றித் தேட முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2020இல், பொலிசார் சாட்சிகளினதும் பாதிக்கப்பட்டவர்களினதும் போன்களிலிருந்து தேவைக்கு மிஞ்சி எடுக்கிறார்கள் என்று கண்டித்து அறிக்கை வெளியிட்டது. முறைப்பாடு கொடுக்கப் போகிறவர் ஒரு மிரட்டல் உரையாடலைக் காட்டினால் போதுமா, முழுப் போனும் வேண்டுமா என்று கேட்பதற்கும், எதை ஒப்படைத்தோம் என்று எழுதி வாங்குவதற்கும் தயங்கத் தேவையில்லை. முடிந்தால் சட்டத்தரணி ஒருவரோடு போவது நல்லது.

தாய்மாருக்குச் சொல்வது

கசிவு தெரிந்தபின் உத்தியோகத்தர் செய்ய வேண்டியிருந்த வேலைகளில் மிகக் கடினமானது இதுதான். முதலில் தன் மேலதிகாரியான சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் பிறகு பழி இரட்டிப்பாகும். அடுத்து, யார் யாருடைய என்னென்ன போயிருக்கும் என்று தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும். அடையாள அட்டைப் படம் போனவர்கள் ஒரு வகை. தம் பெயரில் சிம் எத்தனை பதிவாகியிருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்கும்படியும், வங்கியிலிருந்து பேசுவதாக வரும் அழைப்பை நம்ப வேண்டாம் என்றும் அவர்களிடம் சொல்ல வேண்டும். எச் 512 அட்டைப் படம் மட்டும் போனவர்கள் இன்னொரு வகை. இலக்கமும் குறிப்பும் மட்டும் போனவர்கள் மூன்றாவது. புதிய போனில் தொடர்புப் பெயரோடு மாதம், வருத்தம், குடும்ப நிலை எதையும் எழுதாமல், அந்தக் குறிப்புகளைக் கொப்பியில் பதிவேட்டு இலக்கத்தோடு வைத்துக்கொள்வது இனிமேலுக்கான வழி.

சொல்வது நேரில், கிளினிக் நாளில், ஒவ்வொருவரையும் தனியே அழைத்து. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் கூடத்தில் இருப்பவர்களும் கேட்பார்கள். தாய்மார் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தலாகப் போட்டால், அன்று பின்னேரமே ஒருத்தி இன்னொருத்தியிடம் உன்னுடையதும் போனதா என்று கேட்கத் தொடங்குவாள். மாமியார் வீட்டில் இன்னும் சொல்லாத அந்தப் பெண்ணும் அதே குழுவில் இருக்கிறார்.